சுவரில் கறுப்பு, மாமியாருக்கு இருமல்: எதற்கு முதலில் பயப்படுவது?

தென்சென்னையில் ஏரியை ஒட்டிய ஒரு பகுதியிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் இந்தத் தரைத்தள வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்ததால் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தத் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது என்பது அக்கம்பக்கத்தார் சொல்லிப் பிறகுதான் தெரிந்தது. நவம்பர் மழையில் மகன் படுக்கும் அறையில், குளியலறையை ஒட்டிய சுவரில், பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. பொங்கலுக்குள் இரண்டு முழ அகலத்துக்குப் படர்ந்துவிட்டன. கூடத்தில் தரையை ஒட்டி, வெள்ளையாக மாவு போல ஏதோ பூத்து உதிர்கிறது.

ஜனவரி முதல் 5 வயது மகனுக்கு இரவில் இருமலும் இளைப்பும். மூன்று முறை நெபுலைசர் வைக்க நேர்ந்தது. குழந்தை மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்தார்; பழகிவிடும் என்று அஞ்சி இவர் வாங்கவில்லை. 66 வயது மாமியாருக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மே மாதத்திலிருந்து அவருக்கு வறட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று தவணை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பலனில்லை. வாசகிக்குத் தும்மல், தலைபாரம், ஓயாத அசதி.

“சென்னையில் யார் வீட்டுச் சுவரில்தான் இது இல்லை?” என்கிறார் கணவர். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர், “தீபாவளிக்கு ஒரு கோட் அடித்துத் தருகிறேன்” என்கிறார். காலி செய்யலாம் என்றால் பத்து மாத வாடகை அட்வான்ஸாக அவரிடம் இருக்கிறது. இது கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட கறுப்புப் பூஞ்சையா, 9,500 ரூபாய்க்கு ஒரு பரிசோதனைக் கூடம் விளம்பரம் செய்யும் ‘பூஞ்சை பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனையை நான்கு பேருக்கும் எடுக்கலாமா, வீட்டை விட்டுப் போய்விட வேண்டுமா என்று கேட்கிறார். இங்கிலாந்தில் வீட்டுப் பூஞ்சையால் ஒரு குழந்தை இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சுவரைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. மாமியாரைப் பற்றிச் சில வரிகள்தான். நான் அந்தச் சில வரிகளிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “ஆடியில் நாத்தனார் வீட்டுக்கு மதுரைக்குப் போய்ப் பத்து நாள் இருந்தார். அங்கே இருமலே இல்லையாம். இங்கே வந்த இரண்டாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டது. என் சமையல் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சு வேறு.”

உங்கள் சமையல்மீது பழி வேண்டாம். இடம் மாறினால் அடங்கி, திரும்பி வந்தால் கிளம்பும் இருமலைக் கேட்டால் மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் அந்த இடத்துக் காற்றைத்தான் சந்தேகிப்போம். அவர் அறைச் சுவரில் பூஞ்சை இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆனால் அந்த அறையில் ஏப்ரலில் வாங்கிய ஏர்கூலர் இருக்கிறது. ஏசி முழங்காலுக்கு ஆகாது என்று, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு, இரவு முழுவதும் அதை முகத்துக்கு நேராக ஓடவிட்டுத் தூங்குகிறார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிறீர்கள். உள்ளே தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் பேடை இதுவரை கழற்றிப் பார்த்ததில்லை.

இந்தியாவில் 27 மருத்துவ மையங்களில், நுரையீரல் திசு தடித்துப்போகும் நோய் உள்ள 1,084 பேரைப் பதிவுசெய்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருந்தது ‘ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ்’ என்ற ஒவ்வாமை அழற்சி. அந்த அழற்சி இருந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் பேடில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறுகின்றன. விசிறி அவற்றை நுண்துகள்களாக அறை முழுவதும் வீசுகிறது. இரவுக்கு இரவு அதைச் சுவாசிக்கும் சிலருடைய உடல் அதன்மேல் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவர்களுடைய நுரையீரல்தான். இது தொற்று இல்லாததால் எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கேட்காது. தொடக்கத்தில் கண்டுபிடித்து, காரணத்தை விலக்கினால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும்; அது பிறகு மாறாது.

சென்னைக்கு ஏர்கூலர் பொருத்தமான சாதனமே இல்லை என்பது என் கருத்து. வறண்ட காற்றில்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். எழுபது எண்பது சதவீத ஈரப்பதம் இருக்கும் கடற்கரை ஊரில், அடைத்த அறைக்குள் அது செய்வதெல்லாம் ஈரத்தைக் கூட்டுவதுதான். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மாமியாருக்கு இந்த வாரமே செய்ய வேண்டியவை

கூலரை இன்றிரவே நிறுத்துங்கள். கழுவி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்; வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். சன்னலைத் திறந்து மின்விசிறி போதும். புழுக்கம் தாங்கவில்லை என்றால், சுத்தம் செய்த ஏசியை 26, 27 டிகிரியில் வைத்து, முழங்காலுக்கு ஒரு போர்வை கொடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியார் மருத்துவமனை கட்டாயமில்லை. தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த வகை நோயைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். மதுரைக் கதையையும் கூலர் கதையையும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவசரமான புறநோயாளிப் பிரிவில் யாரும் கேட்காமல் போகலாம். நடக்கவைத்து ஆக்சிஜன் அளவு பார்ப்பது, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேன் ஆகியவை தேவைப்படலாம். சாதாரண எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய என்னால் முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், அதுவும் சர்க்கரை நோயாளியாக இருந்தால், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். படியேறும்போது மூச்சு வாங்குவதால் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதுவே வறட்டு இருமலைத் தரும். அப்படியானால் மதுரையிலும் அதே மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார், ஆனாலும் அங்கே இருமல் நின்றது என்பதால் அந்தச் சந்தேகம் எனக்குக் குறைவு. ஆனாலும் மாத்திரைச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே காட்டினால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

சுவரில் இருப்பது ‘அந்த’ கறுப்புப் பூஞ்சையா?

இல்லை. 2021 மே மாதம் தமிழக அரசு, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது மியூகோர்மைகோசிஸை; கொரோனா காலத்துக் ‘கறுப்புப் பூஞ்சை’ அதுதான். மண்ணிலும் மட்கிய இலைதழைகளிலும் பழைய ரொட்டியிலும் எங்கும் இருக்கும் பூஞ்சைகளால் அது வருகிறது. ரத்த ஓட்டம் அடைபட்டுச் செத்துப்போன சதைதான் அதில் கறுத்துத் தெரியும். நாம் எல்லோரும் தினமும் அந்தப் பூஞ்சைகளின் வித்துகளை, அதாவது காற்றில் பறக்கும் நுண்விதைகளை, சுவாசித்தும் நோய் வராமலிருக்கிறோம். கட்டுக்கடங்காத சர்க்கரையும், அதன்மேல் அதிக அளவு ஸ்டீராய்டும் சேர்ந்தபோதுதான் அது அன்று அத்தனை பேரைப் பிடித்தது.

ஆகவே மாமியாரைப் பொறுத்தவரை உங்கள் பயத்தைச் சுவரிலிருந்து எடுத்துச் சர்க்கரை அளவின்மேல் வையுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ‘இருமலுக்கு’ என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு அது தேவைப்படவும் கூடும். ஆனால் ஸ்கேனுக்குப் பிறகு, சர்க்கரையைக் கவனிக்கும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய மருந்து அது.

நீங்கள் இணையத்தில் படித்த ‘நச்சுக் கறுப்புப் பூஞ்சை’ இன்னொன்று. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்று பெயர். அமெரிக்க வீடுகளின் அட்டை ஒட்டிய ஜிப்சம் பலகைச் சுவர்களில், அவை நாள்கணக்கில் நனைந்து கிடந்தால் வளர்வது. 1990-களில் கிளீவ்லாந்து நகரத்தில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது பழி அதன்மேல் விழுந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000-இல் அந்த ஆய்வுகளை மறுபடி அலசி, தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் அந்தப் பெயர் கிளப்பிய பீதி அடங்கவில்லை. அதை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. உங்கள் செங்கல் சிமென்ட் சுவரில் இருப்பது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற சாதாரண வகைகளாக இருக்கும். எந்த வகை என்று தெரிந்துகொண்டு செய்யப்போவது ஒன்றுமில்லை. எந்த நிறமாக இருந்தாலும் ஈரத்தை நிறுத்திவிட்டு, அகற்ற வேண்டும்.

அந்த 9,500 ரூபாயை மிச்சப்படுத்துங்கள். நான்கு பேருக்கு 38,000. உடலில் ‘பூஞ்சை நச்சு’ இருக்கிறதா என்று சிறுநீரில் பார்ப்பது, ரத்தத்தில் பூஞ்சைக்கு எதிரான ஐஜிஜி எதிர்ப்பொருள்களின் பட்டியல் எடுப்பது இவையெல்லாம் உங்கள் அசதிக்குக் காரணம் சொல்லாது. வீட்டுக் காற்றில் வித்து எண்ணுவதாலும் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டபோதே, இத்தனை வரை பரவாயில்லை என்று ஓர் எண்ணைச் சொல்ல இயலாது என்று எழுதிவிட்டது. ஓதமும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரிந்தால் அதுவே போதுமான சான்று. பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்றால், சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி மகனின் அறையில் வையுங்கள்.

மகனின் இளைப்பு

இந்த இடத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஈரமான வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பூஞ்சை மட்டுமே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈரத்தில் பூஞ்சையோடு தூசிப் பூச்சிகளும் கரப்பானும் செழிக்கும். குழந்தைகளின் ஒவ்வாமைக்கு அவை இரண்டும் முக்கியமான காரணங்கள். போதாததற்கு, பூஞ்சை நாற்றம் போக மாலையில் அவன் அறையில் சாம்பிராணி போடுகிறீர்கள். இரவில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறது. புகை பூஞ்சையைக் கொல்லாது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலூட்டும். கடவுளுக்கு ஏற்றும் ஊதுபத்தியைக் கூட அவன் தேறும் வரை வாசலுக்கு மாற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கொசுவுக்கு வலை இருக்கிறது.

இன்ஹேலர் விஷயத்தில் உங்கள் குழந்தை மருத்துவர் சொன்னது சரி. அது பழக்கமாகிவிடும் மருந்தில்லை. நெபுலைசரும் இன்ஹேலரும் மருந்தை உள்ளே அனுப்பும் இரண்டு வழிகள். மூண்ட தீயை அணைக்க மூன்று முறை நெபுலைசர் வைத்தீர்கள், தீ மூளாமலிருக்கத் தினசரி மருந்தை மறுத்துவிட்டீர்கள். ஸ்பேசர் குழாயும் முகமூடியும் வைத்துக் கொடுத்தால் 5 வயதுக் குழந்தைக்கு மிகச் சிறிய அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். சிரப்பில் கொடுப்பதைவிட உடலில் கலப்பது குறைவு. கொடுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மருத்துவர் பார்த்து அளவைக் குறைப்பார்.

மருந்து முறையாகக் கொடுத்தும் இளைப்பு அடங்கவில்லை என்றால், அப்போது தோலில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனையோ ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ பயன்படும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் காட்டலாம். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இன்றே அவனுடைய கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். சுவர் சரியாகும் வரை அந்த அறையில் யாரும் தூங்க வேண்டாம்.

உங்கள் தும்மலும் தலைபாரமும் ஒவ்வாமையாக இருக்கலாம். அசதியை மட்டும் பூஞ்சைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இரவில் இருமும் குழந்தையோடும் இருமும் மாமியாரோடும் விழித்திருப்பவர் நீங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். அந்த விளம்பரப் பேக்கேஜின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

சுவரைச் சரிசெய்வது

கடிதத்தில் என்னை உண்மையாகவே பதறவைத்த வரி இது: “பிளீச்சிங் பவுடரில் பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து தேய்த்தோம். கண் எரிந்து, வீடே இருமியது.” நீங்கள் தயாரித்தது குளோரின் வாயு. முதல் உலகப்போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர்கள் சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டதும் அதைத்தான். ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இனி ஒருபோதும் இது வேண்டாம்.

கூடத்தில் தரையோரம் உதிரும் வெள்ளை மாவைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். கரைந்துவிட்டால் அது பூஞ்சை இல்லை, உப்பு. அடித்தளத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து மேலே பூக்கச் செய்கிறது. நுரையீரலுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. சுவரில் ஓதம் ஏறுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

மகனின் அறைச் சுவர் வேறு கதை. அது குளியலறையை ஒட்டியது, பின்னால் குழாய் ஓடுகிறது, கறை இடுப்பு உயரத்தில் தொடங்குகிறது. கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சாணுக்கு ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து. இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரிடம் பேசும்போது உதவும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பிளம்பர். பிறகு நனைந்து உப்பிய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதுப் பூச்சு. சில வாரம் நன்றாகக் காயவிட்டு, கடைசியில் பெயின்ட். ஈரச் சுவரின்மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் கார்த்திகைக்குள் உரிந்துவிடும். கொத்தும் நாளில் மகனும் மாமியாரும் வீட்டில் இருக்கக் கூடாது. வித்துகள் அதிகம் பறப்பது அன்றைக்குத்தான்.

அதுவரை மேல்பூச்சாகத் துடைக்க வேண்டுமானால் உங்கள் கணவர் செய்யட்டும். சென்னையில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்காவது அவர் உழைக்கலாம். என்95 முகக்கவசம், கையுறை போட்டு, சன்னலைத் திறந்து, அறைக்கதவை மூடி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் முதலில் நனைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்த சுவரைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து வீடு முழுவதும் பரவும். துடைத்த துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். ஈரத் துணியை வீட்டுக்குள் உலர்த்த வேண்டாம். நனைந்து நாறும் தேங்காய்நார் மெத்தையை வெயிலில் போட்டுக் காப்பாற்ற முயலாதீர்கள், தூக்கிப் போடுங்கள். குளியலறையில் எக்ஸாஸ்ட் விசிறி இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் போய்விடும் என்ற அறிவுரை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. மழை பெய்யும் சென்னையில் சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயிலடிக்கும் மதிய நேரத்தில் திறங்கள். மழைநாள்களில் ஏசியின் ‘டிரை’ முறை உதவும். ஹைக்ரோமீட்டர் 60-ஐ ஒட்டி நின்றால் இந்த ஊருக்கு நல்ல மதிப்பெண்.

வீட்டுக்காரர், வாடகை, காலி செய்வது

இங்கிலாந்துக் குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்தி உண்மை. ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக். பூஞ்சை படர்ந்த வீட்டில் நெடுநாள் இருந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை நீதிமன்றம் கூறியது. அந்தத் தந்தை முறையிட்டபோது அவருக்குக் கிடைத்த பதிலும் மேலே பெயின்ட் அடியுங்கள் என்பதுதான். அவன் பெயரால் வந்த சட்டம், புகார் வந்தால் குறித்த நாளுக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று அங்கே சமூகக் குடியிருப்பு (குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகள்) உரிமையாளர்களை 2025 அக்டோபர் முதல் கட்டாயப்படுத்துகிறது. அப்படிப்பட்ட மரணம் மிக அரிது. உங்கள் மகன் பகலில் ஓடி விளையாடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், அவனுக்கு மருந்து இருக்கிறது. அந்தச் செய்தியை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரரிடம் பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் பூஞ்சைக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுவது, வெள்ளையடிப்பது ஆகியவற்றைப் பொதுவாக வீட்டு உரிமையாளர் பக்கம் வைக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா, அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நான் மருத்துவன், இதற்கு மேல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவரைக் கேட்காமல் வாடகையை நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம்.

சண்டைக்கு முன் ஒரு பேச்சு இருக்கட்டும். வீட்டுக்காரரைக் கீழே அழைத்து, பீரோவை நகர்த்திச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவது அவருடைய குழாய், ஊறுவது அவருடைய சுவர். இன்று பிளம்பருக்குக் கொடுப்பதைவிடப் பிற்பாடு கம்பி துருப்பிடித்தால் ஆகும் செலவு பல மடங்கு என்று கொத்தனாரை வைத்தே சொல்லவையுங்கள். பிறகு பேசியதை வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ தேதியிட்டு அனுப்புங்கள். மருத்துவச் சான்று வேண்டுமானால் மகனின் மருத்துவர் தருவார்; ஆனால் ‘இந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா, ஈரமும் பூஞ்சையும் அதைக் கூட்டும்’ என்றுதான் நேர்மையாக எழுத முடியும். ‘இந்த வீடுதான் நோயைக் கொடுத்தது’ என்று எழுதித் தரும் மருத்துவரை நம்பாதீர்கள்.

காலி செய்வதா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டு நிபந்தனைகளைப் பொறுத்தது. கூலரை நிறுத்தி மூன்று நான்கு வாரத்தில் மாமியாரின் இருமல் நன்றாகக் குறைந்தால், அவருக்காக இந்த வீட்டை விட வேண்டியதில்லை. கூலர் போயும் குறையவில்லை, ஸ்கேனும் ஒவ்வாமை அழற்சியைக் காட்டுகிறது என்றால், அவர் வீடு சரியாகும் வரை மதுரையிலேயே இருப்பது நல்லது. அதை மருத்துவ அறிவுரையாக நாத்தனாரிடம் சொல்லுங்கள், விரட்டுகிறீர்கள் என்ற பேச்சு வராது. மகனைப் பொறுத்தவரை கெடு வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் நடுவுக்குள் குழாய் வேலை முடிந்து சுவர் காயத் தொடங்கியிருந்தால் இருங்கள். அதற்குள் வீட்டுக்காரர் ஆளே அனுப்பவில்லை என்றால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, முதல் மாடியில் வீடு தேடத் தொடங்குங்கள். புது வீட்டைப் பார்க்கப் போகும்போது பீரோ இருந்த இடத்தையும் குளியலறைக்கு மறுபக்கச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். பெயின்ட் வாசம் அடிக்கும் வீடாக இருந்தால் போன மழைக்கு எப்படி இருந்தது என்று எதிர்வீட்டாரிடம் விசாரியுங்கள்.

பின்குறிப்பாக, ஈரத்தில் பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்துச் சட்னிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கடலையில் வளரும் ஒருவகை ஆஸ்பர்ஜில்லஸ் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், வீட்டு அடுப்பில் வறுப்பதால் முழுதாக அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். இனி மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.